ஐந்து வோல்ட்டும் 3.3 வோல்ட்டும்: சிறு வைஃபை பலகைகளின் மின்வழங்கல் வரலாறு

வைஃபை வசதி கொண்ட சிறு நுண்கட்டுப்படுத்திப் பலகைகள் 2014ஆம் ஆண்டுக்குப் பின் மாணவர்களின் செயல்திட்டங்களிலும் பொழுதுபோக்கு மின்னணுவியலிலும் பரவலாயின. இஎஸ்பி8266, இஎஸ்பி32 ஆகிய சில்லுகளைக் கொண்ட பலகைகள் இவற்றுள் முதன்மையானவை. மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் கைபேசிக்குத் தெரிவிப்பது, வயலின் மண் ஈரத்தை அளப்பது, அறையின் வெப்பநிலையைப் பதிவு செய்வது போன்ற பணிகளுக்கு இவை பயன்படுகின்றன. சென்னை ரிச்சி தெருக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு இவை கிடைக்கின்றன.

இப்பலகைகளைப் புதிதாகக் கையாளுவோர் ஒரே வகையான தொல்லையைத் திரும்பத் திரும்பச் சந்திக்கின்றனர். நிரல் சரியாக ஏறுகிறது, விளக்கு ஒளிர்கிறது, வைஃபையுடன் இணையத் தொடங்கியதும் பலகை தானே மறுதொடக்கம் ஆகிறது. மாணவர் பல நாட்கள் நிரலைத் திருத்துகிறார். கோளாறோ பல வேளைகளில் கம்பியிலும் மின்வழங்கலிலும் இருக்கிறது. இதற்கான காரணத்தை இப்பலகைகளின் வரலாற்றில் காணலாம். வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காக நிலைபெற்ற மின்னழுத்தங்கள் இந்தச் சிறு பலகையில் வந்து சந்திக்கின்றன. அவை சந்திக்கும் இடங்களிலேயே கோளாறுகள் தோன்றுகின்றன.

ஐந்து வோல்ட் நிலைபெற்ற காலம்

1960களின் நடுவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட 7400 வரிசைத் தருக்கச் சில்லுகள் ஐந்து வோல்ட்டில் இயங்கின. இவ்வகைச் சில்லுகள் கணினி முதல் அளவைக் கருவி வரை எங்கும் பரவியதால், ஐந்து வோல்ட் என்பது இலக்க மின்னணுவியலின் பொது அளவானது. 1970களில் புழக்கத்துக்கு வந்த 7805 என்னும் மூன்று கால் மின்னழுத்தச் சீராக்கி அந்த ஐந்து வோல்ட்டை எளிதாகவும் மலிவாகவும் பெற வழி செய்தது. இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் இச்சில்லு புழங்குகிறது.

இன்டெல் 1980இல் வெளியிட்ட 8051 நுண்கட்டுப்படுத்தியும் ஐந்து வோல்ட் மரபைச் சேர்ந்தது. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர்கள் நுண்கட்டுப்படுத்தியை 8051 வழியே கற்றனர்.

பொழுதுபோக்கு மின்னணுவியலைப் பொறியியல் வகுப்பறைக்கு வெளியே கொண்டு சென்றது அர்டுயினோ. இத்தாலியின் இவ்ரியா நகர வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில் எர்னாண்டோ பர்ரகான் 2003இல் உருவாக்கிய 'வயரிங்' என்னும் தளம் இதற்கு முன்னோடி. 2005இல் மாசிமோ பான்சி உள்ளிட்ட குழுவினர் அர்டுயினோவைத் தொடங்கினர். 2010இல் வெளியான அர்டுயினோ ஊனோ பலகையும் ஐந்து வோல்ட்டிலேயே இயங்கியது. அதன் ஒரு பின்னிலிருந்து 20 மில்லியாம்பியர் வரை தயக்கமின்றி எடுக்கலாம். சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் பலகை அது. அதற்கான உணரிகளும் ரிலேக்களும் ஐந்து வோல்ட்டுக்கெனவே விற்பனைக்கு வந்தன. அவற்றில் பல இன்றும் கடைகளில் உள்ளன. வைஃபை பலகையுடன் மாணவர் வாங்கி வரும் துணைப்பொருட்களில் பாதி இந்த ஐந்து வோல்ட் மரபில் வந்தவையாக இருப்பது அதனால்தான்.

3.3 வோல்ட் வந்த காரணம்

சில்லுகளுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் சிறிதாகச் சிறிதாக, அவற்றின் காப்பு அடுக்கும் மெலிந்தது. மெலிந்த அடுக்கு ஐந்து வோல்ட்டைத் தாங்காது. மேலும் இலக்கச் சுற்று செலவிடும் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஐந்து வோல்ட்டை 3.3 வோல்ட்டாகக் குறைத்தால் திறன் செலவு ஏறத்தாழ 44 விழுக்காடாகச் சுருங்கும். கையடக்கக் கருவிகள் பெருகிய 1990களில் இது பெரிய ஆதாயம். அப்பத்தாண்டில் 3.3 வோல்ட் புதிய பொது அளவாக நிலைபெற்றது.

புதிய அளவு பழையதை முற்றிலும் கைவிடவில்லை. 7400 வரிசைச் சில்லுகள் 2 வோல்ட்டுக்கு மேலான எதையும் 'உயர்' நிலையாக எடுத்துக்கொள்ளும். 3.3 வோல்ட் தருக்கத்திலும் இந்த எல்லை தொடர்ந்தது. எனவே 3.3 வோல்ட் சில்லு அனுப்பும் சைகையை ஐந்து வோல்ட் கருவிகள் பெரும்பாலும் புரிந்துகொள்கின்றன. மறுதிசையில் அப்படியில்லை. ஐந்து வோல்ட் கருவி அனுப்பும் சைகை 3.3 வோல்ட் சில்லின் தாங்கும் எல்லையைத் தாண்டிவிடுகிறது.

நீர்மட்டம் அளக்கப் பயன்படும் எச்சி-எஸ்ஆர்04 மீயொலி உணரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐந்து வோல்ட்டில் இயங்கும் இவ்வுணரியின் எதிரொலிப் பின் ஐந்து வோல்ட்டையே வெளியிடும். அதை நேராக இஎஸ்பி சில்லுடன் இணைப்பது தவறு. உணரியின் பின்னிலிருந்து ஒரு கிலோ ஓம் மின்தடை, அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு இரண்டு கிலோ ஓம் மின்தடை என வைத்து, இரண்டும் சேருமிடத்திலிருந்து சைகையை எடுத்தால் அது 3.3 வோல்ட் அளவுக்குக் குறையும். சில பைசா விலையுள்ள இரண்டு மின்தடைகள் பலகையைக் காக்கின்றன.

யூஎஸ்பி, சார்ஜர், ஸ்ரீபெரும்புதூர்

3.3 வோல்ட் சில்லுகளின் உள்ளே இடம்பிடித்த அதே காலத்தில் ஐந்து வோல்ட் வேறொரு வழியில் வீட்டுக்குள் நுழைந்தது. 1996இல் வெளியான யூஎஸ்பி தரம் தரவுடன் ஐந்து வோல்ட் மின்சாரத்தையும் ஒரே கம்பியில் கொடுத்தது. தொடக்கத்தில் ஒரு கருவி 100 மில்லியாம்பியர் எடுக்கலாம். கணினியிடம் கேட்டுப் பெற்றால் 500 மில்லியாம்பியர் வரை எடுக்கலாம். 2009இல் ஐரோப்பாவில் கைபேசி நிறுவனங்கள் பொதுச் சார்ஜருக்கு உடன்பட்ட பின், மைக்ரோ யூஎஸ்பி துளை உலகமெங்கும் பரவியது.

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இந்த வரலாற்றில் இடமுண்டு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதே வளாகத்தில் அமைந்த உதிரிப்பொருள் நிறுவனங்களுள் பின்லாந்தைச் சேர்ந்த சால்காம்ப் ஒன்று. கைபேசிச் சார்ஜர்கள் செய்வது அதன் தொழில். வரி வழக்கு காரணமாக மைக்ரோசாஃப்ட் வாங்கிய சொத்துகளில் இந்த ஆலை சேராமல் போக, 2014 நவம்பர் 1 அன்று நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். மூடிக் கிடந்த அந்த ஆலையைச் சால்காம்ப் வாங்குவதாக 2019 நவம்பரில் அறிவிக்கப்பட்டது.

கைபேசித் தொழில் பெருகியதால் ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து வோல்ட் தரும் சார்ஜர்கள் சேர்ந்தன. பழைய கைபேசி போன பிறகும் சார்ஜர் இழுப்பறையில் தங்கியது. வைஃபை பலகை செய்தவர்கள் மின்வழங்கலுக்கெனத் தனிப்பெட்டி விற்க வேண்டிய தேவை இதனால் நீங்கியது. பலகையில் ஒரு யூஎஸ்பி துளை வைத்தாலே போதும்.

சார்ஜரைத் தேர்வதில் கவனம் தேவை. சுவரிலுள்ள 230 வோல்ட்டையும் கையில் படும் ஐந்து வோல்ட்டையும் சார்ஜருக்குள் இருக்கும் மின்மாற்றியின் காப்புதான் பிரிக்கிறது. அக்காப்பு மட்டமாக இருந்தால் பலகை மட்டுமல்ல, அதைத் தொடுபவரும் ஆபத்துக்குள்ளாவார். கட்டாயப் பதிவு விதிகள் மின் அடாப்டர்களையும் பதிவு செய்ய வேண்டிய பொருட்களில் சேர்த்துள்ளன. பதிவு எண் அச்சிடப்படாத சார்ஜரை மாணவர் செயல்திட்டத்துக்குப் பயன்படுத்தாமலிருப்பது நல்லது.

வானொலியின் பசி

வைஃபையின் அடிப்படையான 802.11 தரம் 1997இல் வெளியானது. இந்தியாவில் 2005 ஜனவரியில் வெளியான மத்திய அரசு விதிகள், 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்கும் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் பெறும் தேவையை நீக்கின. வீட்டிலும் வெளியிலும் எவரும் வைஃபை கருவியைப் பயன்படுத்த இது வழிவிட்டது. ஆனால் பொழுதுபோக்காளருக்கு வைஃபை எட்டாத விலையிலேயே இருந்தது. 2012இல் வெளியான அர்டுயினோ வைஃபை ஷீல்டு, அது பொருத்தப்படும் அர்டுயினோ பலகையை விடப் பல மடங்கு விலை கொண்டது.

இந்நிலையை மாற்றியது எஸ்பிரெசிஃப் நிறுவனம். சிங்கப்பூரைச் சேர்ந்த தியோ சுவீ ஆன் 2008இல் சீனாவின் ஷாங்காய் நகரில் இதை நிறுவினார். இதன் இஎஸ்பி8266 சில்லைக் கொண்டு ஏஐ-திங்கர் நிறுவனம் செய்த இஎஸ்பி-01 என்னும் எட்டுப் பின் பலகை, 2014 ஆகஸ்டில் சீனாவுக்கு வெளியே பொழுதுபோக்காளர்களின் கவனத்துக்கு வந்தது. வேறொரு நுண்கட்டுப்படுத்திக்கு வைஃபை வழங்கும் துணைக்கருவியாகவே அது விற்கப்பட்டது. அதற்குள் 32 பிட் செயலி இருப்பதையும் அதையே நேரடியாக நிரல்படுத்தலாம் என்பதையும் பயனர்கள் விரைவில் அறிந்தனர். சில டாலர் விலையில் கணிப்பும் வைஃபையும் ஒன்றாகக் கிடைத்தன.

விலை குறைந்தாலும் வானொலி அலை பரப்பத் தேவையான மின்சாரம் குறையவில்லை. இஎஸ்பி8266 கேட்கும்போது 50 மில்லியாம்பியரை ஒட்டியும், அலை பரப்பும்போது 170 மில்லியாம்பியர் அளவிலும் எடுக்கிறது. இது சீரான தேவையன்று. மில்லி நொடிகளே நீடிக்கும் துடிப்புகளாக வருவது. மல்டிமீட்டர் சராசரியைக் காட்டுவதால் இத்துடிப்புகள் அதில் தெரிவதில்லை. 500 மில்லியாம்பியரும் அதற்கு மேலும் தரவல்ல மின்வழங்கலை உற்பத்தியாளர் பரிந்துரைப்பதன் காரணம் இதுவே.

ஐம்பது மில்லியாம்பியர் என்னும் தடை

இஎஸ்பி-01 பலகையில் யூஎஸ்பி துளையோ சீராக்கியோ கிடையாது. 3.3 வோல்ட்டை வெளியிலிருந்து தர வேண்டும். அன்றைய பொழுதுபோக்காளரின் மேசையில் 3.3 வோல்ட் எனப் பெயர் எழுதிய பின் இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று அர்டுயினோ ஊனோவில். மற்றொன்று எஃப்டி232ஆர் சில்லுள்ள யூஎஸ்பி மாற்றிகளில். இவ்விரண்டும் தரக்கூடியது 50 மில்லியாம்பியர் மட்டுமே. மின்னழுத்தம் சரியாக இருந்ததால் பலர் அங்கிருந்தே இஎஸ்பி-01க்கு மின்சாரம் தந்தனர். பலகை விழித்தது, அலை பரப்ப முயன்றதும் மின்னழுத்தம் சரிந்து விழுந்தது.

வோல்ட் பொருந்தினால் போதும் என்ற எண்ணம் ஐந்து வோல்ட் காலத்தின் பழக்கம். அன்றைய நுண்கட்டுப்படுத்திகள் சில பத்து மில்லியாம்பியரில் நிறைவடைந்தன. வைஃபை சில்லு வந்தபின், எத்தனை வோல்ட் என்ற கேள்வியுடன் எத்தனை ஆம்பியர், எவ்வளவு விரைவாக என்ற கேள்விகளும் சேர்ந்தன.

விரைவு என்ற கேள்விக்கு விடை மின்தேக்கி. சில்லின் மின்பின்னுக்கு மிக அருகில் வைக்கப்படும் மின்தேக்கி, குழாயருகே வைத்த சிறு தொட்டி போன்றது. திடீர்த் தேவையை அது உடனே நிறைவு செய்ய, நீண்ட கம்பி வழியே வரும் மின்சாரம் அதை மெல்ல நிரப்புகிறது. 100 முதல் 470 மைக்ரோஃபாரட் வரையிலான ஒரு மின்பகு மின்தேக்கியை 3.3 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில், முனை மாறாமல் இணைப்பது பொழுதுபோக்காளரிடையே வழக்கமானது இந்த அனுபவத்தால்தான்.

சீராக்கி பலகைக்குள் வந்தது

2014 அக்டோபரில் தொடங்கிய நோட்எம்சியு திட்டம் இச்சிக்கலை எளிதாக்கியது. யூஎஸ்பி துளை, யூஎஸ்பி மாற்றிச் சில்லு, 3.3 வோல்ட் சீராக்கி ஆகிய மூன்றும் ஒரே பலகையில் அமைந்தன. 2015இல் அர்டுயினோ மென்பொருளிலேயே இஎஸ்பி8266க்கு நிரல் எழுதும் வசதி வந்தது. 2016இல் வெளியான இஎஸ்பி32 இரண்டு செயலிகளும் புளூடூத்தும் கொண்டது. அலை பரப்பும்போது 240 மில்லியாம்பியர் வரை எடுப்பது.

இப்பலகைகளில் பரவலாகக் காணப்படும் சீராக்கி ஏஎம்எஸ்1117. உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியே தர வேண்டியதை விட ஏறத்தாழ 1.1 வோல்ட் கூடுதலாக இருந்தால்தான் அது ஒழுங்காக இயங்கும். அதாவது 4.4 வோல்ட் தேவை. ஐந்து வோல்ட் சார்ஜருக்கு இது எளிதெனத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் இடைவெளி எவ்வளவு குறுகியது என்பது தெரியும். மெல்லிய 28 கேஜ் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். இரண்டு மீட்டர் யூஎஸ்பி கம்பியில் மின்சாரம் போக இரண்டு, வர இரண்டு என நான்கு மீட்டர் செல்கிறது. 300 மில்லியாம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 0.25 வோல்ட் கம்பியிலேயே தொலைகிறது. பலகையின் பாதுகாப்பு டையோடு 0.3 வோல்ட் அளவு எடுத்துக்கொள்கிறது. சீராக்கியை அடைவது 4.45 வோல்ட். எல்லைக்கு மேல் எஞ்சியது அரை வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. சார்ஜர் சற்றே தாழ்ந்தால் பலகை மறுதொடக்கம் ஆகும். நீளமான, மெலிந்த கம்பியை மாற்றியதும் பலகை சரியாகிவிடுவது மாயமன்று, ஓம் விதி.

மறுபுறம், மிகுதியான மின்னழுத்தமும் தொல்லை தரும். ஏஎம்எஸ்1117 மிச்ச மின்னழுத்தத்தை வெப்பமாக வெளியேற்றுகிறது. 12 வோல்ட்டைப் பலகைக்கு நேராகக் கொடுத்தால், 200 மில்லியாம்பியரில் 1.7 வாட்டுக்கு மேல் அந்தச் சிறு சில்லில் வெப்பமாகிறது. 12 வோல்ட் மூலம் இருந்தால் முதலில் ஒரு பக் மாற்றியால் ஐந்து வோல்ட்டாகக் குறைத்துக்கொள்வதே முறை.

மின்வழங்கல் சரிவை இஎஸ்பி32 தானே கண்டறிந்து அறிவிக்கும். மின்னழுத்தம் குறைந்ததால் மறுதொடக்கம் நேர்ந்ததென்ற செய்தி சீரியல் திரையில் தோன்றும். அச்செய்தியை நிரல் வழியே அணைத்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. எச்சரிக்கை மணியைக் கழற்றினால் தீ அணையாது.

பின்களில் எஞ்சிய வரலாறு

துணைக்கருவியாகப் பிறந்ததன் தடயம் இஎஸ்பி8266இன் பின்களில் உள்ளது. பின்கள் குறைவானதால், சில பின்களுக்கு இரட்டை வேலை தரப்பட்டது. மின்சாரம் வரும் கணத்தில் சில்லு இவற்றைப் பார்த்து எப்படித் தொடங்குவதென முடிவு செய்கிறது. பூச்சியமாம் பின்னும் இரண்டாம் பின்னும் உயர்நிலையிலும், பதினைந்தாம் பின் தாழ்நிலையிலும் இருந்தால்தான் சேமித்த நிரல் இயங்கும். இப்பின்களில் ரிலேயோ பொத்தானோ இணைத்தால், கணினியில் செருகியபோது ஓடிய பலகை மின்தடைக்குப் பின் விழிக்காமல் கிடக்கலாம்.

இஎஸ்பி32 இம்மரபைத் தொடர்ந்தது. அதன் பன்னிரண்டாம் பின் தொடக்கத்தில் உயர்நிலையில் இருந்தால், நினைவகத்துக்கான மின்னழுத்தத்தைச் சில்லு தவறாகத் தேர்ந்து பல பலகைகளில் தொடங்காமல் நின்றுவிடும். 34 முதல் 39 வரையிலான பின்கள் உள்ளீட்டுக்கு மட்டுமே. இணைப்பைத் திட்டமிடும் முன் பின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லப்படுவது இவற்றால்தான்.

ஜாக்கார்டு சொல்லும் பாடம்

இஎஸ்பி8266இன் ஒரு பின் பாதுகாப்பாகத் தருவது 12 மில்லியாம்பியர். ஐந்து வோல்ட் ரிலேயின் சுருள் 70 மில்லியாம்பியர் அளவு கேட்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவைப் புரிந்துகொள்ளக் காஞ்சிபுரத்துத் தறியைப் பார்க்கலாம். ஜோசஃப் மாரி ஜாக்கார்டு 1804இல் பிரான்சில் உருவாக்கிய இயந்திரத்தின் வழிவந்த ஜாக்கார்டு பெட்டி, காஞ்சிபுரம் பட்டுத் தறிகளின் மேல் இன்றும் அமர்ந்திருக்கிறது. துளையிட்ட அட்டை எந்தப் பாவு இழைகள் உயர வேண்டும் என்று முடிவு செய்கிறது. இழைகளைத் தூக்கும் வலு அட்டையிலிருந்து வருவதில்லை. மிதியை அழுத்தும் நெசவாளியின் காலிலிருந்து வருகிறது. அட்டையே தூக்க வேண்டுமென்றால் அது கிழிந்துபோகும்.

நுண்கட்டுப்படுத்தியின் பின் அந்த அட்டையைப் போன்றது. முடிவு அதனுடையது, வலு வேறிடத்திலிருந்து வர வேண்டும். பின் ஒரு டிரான்சிஸ்டரை இயக்க, டிரான்சிஸ்டர் ஐந்து வோல்ட் மூலத்திலிருந்து ரிலேக்கு மின்சாரம் செலுத்துகிறது. சுருளின் மின்சாரம் நிற்கும் கணத்தில் எழும் எதிர் மின்னழுத்தத்தை விழுங்க, சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு வேண்டும். பலகையின் கிரவுண்டும் ஐந்து வோல்ட் மூலத்தின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். டிரான்சிஸ்டரும் டையோடும் பொருத்தியே விற்கப்படும் ரிலே பலகைகளில் இவ்வேலை முடிந்திருக்கும். ரிலேயின் மறுபக்கத்தில் ஓடும் 230 வோல்ட்டை மட்டும் பிரெட்போர்டில் ஒருபோதும் இணைக்கக் கூடாது. அப்பகுதியை மூடிய பெட்டிக்குள், தேர்ந்த மின்பணியாளர் துணையுடன் அமைக்க வேண்டும்.

மின்கலத்தின் கணக்கு

செய்யாற்றங்கரையிலுள்ள மாகறல் போன்ற ஊரில், மின்கம்பி எட்டாத வயலில் மண் ஈரத்தை அளக்க நினைப்பவருக்குச் சார்ஜர் பயன்படாது. 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி மின்கலம் அங்கே உதவும். இதிலும் இரு காலங்கள் மோதுகின்றன. முழுதும் ஏறிய மின்கலம் 4.2 வோல்ட் தரும். இஎஸ்பி சில்லின் மேல் எல்லை 3.6 வோல்ட். நேராக இணைத்தால் சில்லு கெடும். ஏஎம்எஸ்1117 வழியே இணைத்தால் அது கேட்கும் 4.4 வோல்ட்டை மின்கலத்தால் தர இயலாது.

மற்றொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. இஎஸ்பி8266 ஆழ்துயிலில் 20 மைக்ரோஆம்பியரே எடுக்கிறது. ஏஎம்எஸ்1117 தனக்கென எப்போதும் 5 மில்லியாம்பியர் அளவு செலவிடுகிறது. இது சில்லின் தேவையைப் போல 250 மடங்கு. 2000 மில்லியாம்பியர் மணி மின்கலம், பலகை தூங்கிக்கொண்டிருந்தாலும் சீராக்கியால் மட்டுமே 400 மணி நேரத்தில், அதாவது 17 நாட்களுக்குள் தீர்ந்துவிடும். சார்ஜருக்காக வடிவமைத்த பலகையை மின்கலத்துக்கு மாற்றியதன் விலை இது. சில மைக்ரோஆம்பியரே செலவிடும் எச்டி7333 போன்ற சீராக்கிகளை இதற்கெனத் தேர்கின்றனர். 2022இல் வெளியான ராஸ்பெரி பை பிகோ டபிள்யூ பலகை 1.8 முதல் 5.5 வோல்ட் வரை ஏற்கும் மாற்றியுடன் வந்தது. உள்ளீடு 3.3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தாலும் மேலே இருந்தாலும் அதனால் சமாளிக்க முடியும்.

இன்றைய பயன்

வரலாறு தெரிந்தவர் கோளாறைத் தேடும் வரிசையும் மாறுகிறது. பலகை மறுதொடக்கம் ஆனால் முதலில் யூஎஸ்பி கம்பியைக் குட்டையான, தடித்த ஒன்றாக மாற்ற வேண்டும். பின்பு சார்ஜரின் ஆம்பியர் அளவைப் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, இணைத்த உணரிகளைக் கழற்றிவிட்டுப் பலகையைத் தனியே ஓட்டிப் பார்க்க வேண்டும். அதன்பின் தொடக்கப் பின்கள், ஐந்து வோல்ட் சைகைகள், பொதுக் கிரவுண்டு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே நிரலுக்குத் திரும்புவது முறை. இந்தச் சோதனைகளுக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு பிழையும் இல்லாத நிரலைத் திருத்துவதில் கழியும் நாட்கள் இதனால் மிச்சமாகும்.